இதயம் மட்டும் ஊர் திரும்பியது! பியானோ மேதை ஷோப்பானின் வாழ்க்கைக் கதை

கோபர்கைரனேயில் சாயங்கால வேளையில் செக்டர் தெருக்களில் நடந்து போனால், ஏதாவது ஒரு மாடி வீட்டில் இருந்து பிள்ளைகள் கீபோர்டு பழகும் சத்தம் கேட்கும். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். தப்பு வரும். மறுபடியும் முதலில் இருந்து தொடங்குவார்கள். வேலை முடிந்து ரயிலை விட்டு இறங்கி, கையில் காய்கறிப் பையுடன் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நின்று கேட்க நேரம் இருக்காது.

கறுப்பும் வெள்ளையுமான அந்தக் கட்டைகளை வைத்துக்கொண்டுதான் ஒரு மனிதர் உலகத்தையே அழ வைத்தார். அவரும் நம்மைப்போல் ஊரை விட்டு வெளியே பிழைக்கப் போனவர். 20 வயதில் புறப்பட்டார். பிறகு சாகும் வரை சொந்த மண்ணை மிதிக்கவே இல்லை. செத்த பிறகு அவருடைய இதயம் மட்டும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் பெயர் பிரெடெரிக் ஷோப்பான். போலந்து நாட்டைச் சேர்ந்தவர்.

பெயரைக் கேட்டிராதவர்கள்கூட அவருடைய இசையைக் கேட்டிருப்பார்கள். சினிமாவில் யாராவது இறந்துபோனால், அல்லது இறந்துபோனதாக வேடிக்கை காட்டினால், மெதுவாக, கனமாக ஒரு இசை வரும். காலை இழுத்து இழுத்து நடப்பது போல இருக்கும். அது ஷோப்பான் எழுதிய சாவு ஊர்வல இசை. 1963-ம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் இறுதி ஊர்வலத்தில் அதை வாசித்தார்கள். 1982-ம் ஆண்டு ருஷியத் தலைவர் பிரஷ்னேவின் இறுதிச் சடங்கிலும் அதையே வாசித்தார்கள். எதிரும் புதிருமாக நின்ற இரண்டு நாடுகள். துக்கம் என்று வந்தபோது இரண்டுக்கும் இசை ஒன்றுதான்.

பிறப்பு

போலந்தின் தலைநகரம் வார்சா. அதற்கு மேற்கே சுமார் 50 கிலோ மீட்டர் தூரத்தில் ஒரு சிறு கிராமம். அங்கே 1810-ம் ஆண்டு ஷோப்பான் பிறந்தார். சர்ச் பதிவேட்டில் பிப்ரவரி 22 என்று இருக்கிறது. வீட்டில் மார்ச் 1-ந் தேதியைத்தான் பிறந்த நாளாகக் கொண்டாடினார்கள். நம் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிறந்த தேதி ஒன்றும் வீட்டுப் பிறந்த தேதி ஒன்றும் இருக்குமே, அது போலத்தான்.

தகப்பனார் நிக்கோலா, பிரான்சு நாட்டுக்காரர். 16 வயதில் பிழைப்புத் தேடிப் போலந்துக்கு வந்தவர். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அதே வீட்டைச் சேர்ந்த ஏழை உறவுக்காரப் பெண்ணான ஜஸ்டினாவை மணந்தார். வந்த நாட்டையே சொந்த நாடாக்கிக்கொண்டார். பிரான்சுக்குத் திரும்பிப் போகவே இல்லை.

இவர்களுக்கு 4 குழந்தைகள். ஷோப்பான் ஒரே மகன். மூத்தவள் லுட்விகா. இந்த அக்காளின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிவில் அவள்தான் வருகிறாள்.

ஷோப்பான் பிறந்த சில மாதங்களில் குடும்பம் வார்சாவுக்குக் குடிபெயர்ந்தது. தகப்பனாருக்கு அங்கே உயர்நிலைப் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியர் வேலை கிடைத்தது. வெளியூர் மாணவர்களை வீட்டிலேயே தங்க வைத்துச் சாப்பாடும் போட்டார்கள். அதிலும் கொஞ்சம் வருமானம் வந்தது.

அன்றைய போலந்து சுதந்திர நாடு அல்ல. 1795-ம் ஆண்டிலேயே ருஷியா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய 3 நாடுகள் சேர்ந்து அதைப் பங்கு போட்டுக்கொண்டன. வார்சா பின்னர் ருஷியச் சக்கரவர்த்தியின் ஆதிக்கத்தின் கீழ் வந்தது. உலக வரைபடத்தில் போலந்து என்ற தனி நாடே இல்லை. பாஷை இருந்தது. பாட்டு இருந்தது. நாடு இல்லை.

8 வயதில் கச்சேரி

ஷோப்பானுக்கு முதல் ஆசிரியர் ஜிவ்னி என்ற செக் நாட்டுக்காரர். அவர் உண்மையில் வயலின் வித்வான். சிறுவனின் வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. 7 வயதில் ஷோப்பான் அமைத்த இசை அச்சில் வந்தது. 8 வயதில் தர்ம காரியத்துக்காக நடந்த கச்சேரியில் மேடை ஏறினார். பிரபுக்களின் மாளிகைகளில் அவரை அழைத்து வாசிக்கச் சொன்னார்கள்.

கோடை விடுமுறையில் கிராமத்துக்குப் போவார். அங்கே அறுவடை முடிந்த பிறகு குடியானவர்கள் ஆடுவார்கள், பாடுவார்கள். மசூர்க்கா என்பது அவர்களுடைய நாட்டுப்புற ஆட்டம். நம் ஊர்க் கொடையில் நையாண்டி மேளத்துக்கு ஆடுவதில்லையா, அதைப்போல மண் வாசனை உள்ள ஆட்டம். பட்டணத்துப் பையன் அதைக் கூர்ந்து கேட்டான். அந்தத் தாளம் அவன் காதில் தங்கிவிட்டது. பிற்காலத்தில் பாரீசில் பட்டு மெத்தையில் உட்கார்ந்து அவர் எழுதிய மசூர்க்காக்கள் அங்கே காதில் விழுந்த விதையில் இருந்து முளைத்தவை.

பிறகு வார்சா இசைக் கல்லூரியில் எல்ஸ்னர் என்பவரிடம் பயின்றார். எல்ஸ்னர் நல்ல குரு. தன் வழியைச் சீடன் மீது திணிக்கவில்லை. இவன் ஒரு மேதை என்பதைத் தெரிந்துகொண்டு அவன் போக்கில் விட்டார்.

1827-ம் ஆண்டு வீட்டில் ஒரு துக்கம். 14 வயதுத் தங்கை எமிலியா நோயில் இறந்துபோனாள். காச நோய் என்று கருதப்படுகிறது. அதே நோய்தான் பிறகு அண்ணனையும் தேடி வந்தது.

கடைசிக் கச்சேரி

கல்லூரியில் கான்ஸ்டன்சியா என்ற பெண் பாட்டுப் படித்தாள். ஷோப்பான் அவளைக் காதலித்தார். வாய் திறந்து சொல்லத் தைரியம் வரவில்லை. சொல்ல முடியாததை எல்லாம் இசையில் கொட்டினார்.

1830-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி வார்சாவில் கச்சேரி நடந்தது. கான்ஸ்டன்சியாவும் அதே மேடையில் பாடினாள். ஷோப்பான் சொந்த ஊரில் செய்த கடைசிக் கச்சேரி அதுதான். அது அன்று யாருக்கும் தெரியாது.

நவம்பர் 2-ந் தேதி அவர் வெளிநாட்டுக்குப் புறப்பட்டார். வியன்னா போய்க் கச்சேரிகள் செய்து பெயர் எடுத்து வருவது என்று ஏற்பாடு. கூடப் போனவர் பால்ய நண்பர் டைட்டஸ்.

அவர்கள் வியன்னா போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் இடி போல் செய்தி வந்தது. நவம்பர் 29-ந் தேதி வார்சாவில் ருஷியருக்கு எதிராகப் புரட்சி வெடித்துவிட்டது. டைட்டஸ் உடனே துப்பாக்கி ஏந்தப் புறப்பட்டார். ஷோப்பானும் வருகிறேன் என்றார். நண்பர் தடுத்துவிட்டார். நோஞ்சான் உடம்பு. போர்க்களத்தில் ஒரு நாள் தாங்காது. இசையால் செய்யக்கூடியதைச் செய் என்று சொல்லிவிட்டு நண்பர் மட்டும் ஊர் திரும்பினார்.

ஷோப்பான் அந்நிய ஊரில் தனியாக நின்றார். கூடப் படித்தவர்கள் எல்லாம் சண்டை போடுகிறார்கள். அப்பா, அம்மா, சகோதரிகள் குண்டு விழும் ஊரில் இருக்கிறார்கள். தான் மட்டும் பத்திரமாகப் பியானோ வாசித்துக்கொண்டு இருக்கிறோம் என்ற குற்ற உணர்ச்சி அவரை வாட்டியது. அது வாழ்நாள் முழுவதும் போகவில்லை.

1831-ம் ஆண்டு செப்டம்பரில் வார்சா வீழ்ந்தது. ருஷியப் படை நகரத்துக்குள் புகுந்தது. அந்தச் செய்தி ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் இருந்த ஷோப்பானை எட்டியது. வீட்டாருக்கு என்ன ஆயிற்றோ என்று தெரியாமல் நாட்குறிப்பில் புலம்பித் தீர்த்தார். கடவுளிடமே சண்டை போட்டார். அந்த வேதனையோடு சேர்த்துச் சொல்லப்படும் இசை ஒன்று உண்டு. புரட்சிப் பயிற்சி என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. இடது கை புயல் போல் மேலும் கீழும் ஓடும். வலது கை கூக்குரல் போட்டு அழைக்கும். ஏறத்தாழ 3 நிமிடம்தான். கேட்டு முடித்ததும் மூச்சு வாங்கும்.

பாரீசில்

1831-ம் ஆண்டு ஷோப்பான் பாரீஸ் வந்து சேர்ந்தார். அவருடைய பாஸ்போர்ட்டில் லண்டனுக்குப் போகும் வழியில் பாரீஸ் என்றுதான் எழுதியிருந்தது. வழியில் இறங்கியவர் 18 ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார். தான் இன்னும் வழிப்போக்கன்தான் என்று வேடிக்கையாகச் சொல்வார்.

இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று பம்பாய்க்கு ரயில் ஏறியவர்கள் நம்மில் எத்தனை பேர்? தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அவர்களுக்குப் பேரன் பேத்திகள் பிறந்துவிட்டார்கள். அவர்களுக்கு இந்த வேடிக்கையின் வலி புரியும்.

புரட்சி தோற்ற பிறகு ஆயிரக்கணக்கான போலந்துக்காரர்கள் பாரீசில் அகதிகளாகக் குவிந்தார்கள். கவிஞர்கள், படை வீரர்கள், பிரபுக்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். ஊருக்குத் திரும்ப வேண்டுமானால் ருஷியத் தூதரகத்தில் பதிவு செய்து பணிந்து நடக்க வேண்டும். ஷோப்பான் அதைச் செய்யவில்லை. 1835-ம் ஆண்டு பிரெஞ்சுப் பிரஜை ஆனார். ஊருக்குப் போகும் கதவு மூடிக்கொண்டது.

1832-ம் ஆண்டு பிப்ரவரியில் பாரீசில் முதல் கச்சேரி. இசைப் புலி லிஸ்ட் அவருடைய நண்பர் ஆனார். பெரிய பணக்காரரான ரோத்ஸ்சைல்டு குடும்பத்தின் ஆதரவும் கிடைத்தது. சீமாட்டிகளும் அவர்களுடைய பெண்களும் பியானோ படிக்க வரிசையில் நின்றார்கள். ஒரு பாடத்துக்கு 20 பிராங்க். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. சொந்தக் குதிரை வண்டி, வேலைக்காரன், வெள்ளைக் கையுறை என்று டாம்பீகமாக வாழ்ந்தார். வருமானத்தில் பெரும் பகுதி டியூஷன் வருமானம்தான்.

கூட்டத்தைக் கண்டால் அவருக்குப் பயம். வாழ்நாளில் செய்த பொதுக் கச்சேரிகள் 30 அளவில்தான் இருக்கும். பெரிய மண்டபத்தில் வாசித்தால் பின் வரிசைக்குக் கேட்காது. அவ்வளவு மெதுவாக வாசிப்பார். நாலைந்து நண்பர்கள், ஒரு சின்ன அறை, மெழுகுவர்த்தி வெளிச்சம், இவ்வளவு போதும். விடியும் வரை வாசிப்பார்.

பியானோ எப்படி அழ வைக்கிறது?

பியானோ என்ற வாத்தியம் சுமார் 1700-ம் ஆண்டு இத்தாலியில் பிறந்தது. கிறிஸ்டோபரி என்பவர் செய்தார். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் கம்பியைத் தட்டும். மெதுவாக அழுத்தினால் மெதுவான ஓசை, ஓங்கி அழுத்தினால் பெரிய ஓசை. இன்றைய பியானோவில் 88 கட்டைகள். உள்ளே 200-க்கும் மேற்பட்ட கம்பிகள் இருக்கின்றன.

இந்த வாத்தியத்தில் ஒரு பெரிய குறை உண்டு. ஓசை பிறந்த அடுத்த கணமே தேயத் தொடங்கிவிடும். நாகஸ்வரத்தைப் போல் ஊதி நிறுத்தி வைக்க முடியாது. வீணையில் கம்பியை இழுத்து ஒரு சுரத்தை வளைப்பது போல் வளைக்கவும் முடியாது. கமகமே கிடையாது. இப்படிப்பட்ட கருவியில் எப்படி உருக்கம் வரும்?

ஷோப்பான் அந்தக் குறையையே பலம் ஆக்கினார். தேய்ந்துபோகிற ஓசையைத் தடுக்கவில்லை. அது தேய்ந்து மறையும் நேரத்தில் அடுத்த சுரத்தைத் தொட்டு, இரண்டையும் ஒட்ட வைத்தார். காலடியில் உள்ள மிதியை அழுத்தினால் கம்பிகள் தொடர்ந்து அதிரும். ஒரு சுரத்தின் மேல் இன்னொரு சுரம் பனி போலப் படியும். அந்த வித்தையை அவர் அளவுக்குக் கையாண்டவர் அதற்கு முன் இல்லை.

அவர் மாணவர்களுக்குச் சொன்ன முக்கியமான பாடம், விரலால் பாட வேண்டும் என்பது. நாடக மேடையில் பாடுகிற பாடகர்களைப் போய்க் கேளுங்கள் என்று அனுப்புவார். எங்கே மூச்சு எடுக்கிறார்கள், எங்கே குரல் தழுதழுக்கிறது என்று கவனிக்கச் சொல்வார். நம் வித்வான்களும் வீணையில் வாய்ப்பாட்டு கேட்க வேண்டும் என்றுதானே சொல்கிறார்கள்?

இன்னொரு ரகசியம் தாளம். இடது கை காலப்பிரமாணம் தவறக்கூடாது. வலது கை கொஞ்சம் தயங்கலாம், கொஞ்சம் முந்தலாம், பிறகு வந்து சேர்ந்துகொள்ளலாம். ஒருவர் துக்கத்தைச் சொல்லும்போது பேச்சு தடுமாறும். நடுவில் நிற்கும். பிறகு வேகமாகக் கொட்டிவிடும். ஆனால் சுவரில் கடிகாரம் மட்டும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். ஷோப்பானின் வலது கை, பேசுகிற மனிதர். இடது கை, சுவர்க் கடிகாரம்.

மேல்நாட்டு இசையில் மேஜர், மைனர் என்று இரண்டு வகை உண்டு. மேஜர் என்பது நம் சங்கராபரணத்தின் சுரங்கள். மைனர் என்பது ஏறத்தாழ நம் நடபைரவி, கீரவாணி சுரங்கள். பொதுவாக மேஜர் சந்தோஷம், மைனர் சோகம் என்பார்கள். ஷோப்பான் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். சாவு ஊர்வல இசையையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் இடது கை இரண்டே இரண்டு கனமான தட்டுகளை மாற்றி மாற்றித் தட்டும். சவப்பெட்டியைச் சுமந்து நடக்கிற கால்கள். நடுவில் அது நின்றுவிடும். மேஜரில் ஒரு மெல்லிய இசை வரும். தாலாட்டு மாதிரி இருக்கும். இறந்தவனின் தாய், அவன் குழந்தையாக இருந்ததை நினைத்துக்கொள்வது போலத் தோன்றும். பிறகு மறுபடியும் அந்தக் கனமான கால்கள். அந்தத் தாலாட்டைக் கேட்ட பிறகு இரண்டாவது தடவை வரும் ஊர்வலம்தான் கண்ணீரை வரவழைக்கும். நம் ஊர் ஒப்பாரியிலும் இதுதானே நடக்கிறது? செத்தவனைப் பற்றி அழும் கிழவி, நடுவில் அவன் தவழ்ந்த அழகைப் பாடுவாள். அங்கேதான் கூடியிருக்கும் எல்லாரும் உடைந்துபோவார்கள்.

கை கூடாத கல்யாணம்

1835-ம் ஆண்டு ஷோப்பானின் பெற்றோர் மருத்துவ நீரூற்றில் குளிப்பதற்காகக் கார்ல்ஸ்பாட் நகரத்துக்கு வந்தார்கள். மகன் பாரீசில் இருந்து ஓடோடிப் போனார். 5 வருஷப் பிரிவுக்குப் பிறகு சந்திப்பு. சில வாரங்கள் சேர்ந்து இருந்தார்கள். பிறகு பிரிந்தார்கள். தகப்பனாரையும் தாயாரையும் அவர் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

அதே பயணத்தில் போலந்துக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த மரியா என்ற இளம்பெண்ணைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு பெண் கேட்டார். பெண் சம்மதித்தாள். பெண்ணின் தாயார், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். மாப்பிள்ளைக்கு நெஞ்சு நோய் என்ற பேச்சு பரவியது. 1837-ம் ஆண்டு சம்பந்தம் முறிந்தது. மரியா எழுதிய கடிதங்களை ஷோப்பான் ஒரு கட்டாகக் கட்டி, அதன் மேல் என் துயரம் என்று எழுதி வைத்திருந்தார். அவர் இறந்த பிறகுதான் அந்தக் கட்டு அகப்பட்டது. சாவு ஊர்வல இசையை அவர் எழுதியதும் அதே 1837-ம் ஆண்டில்தான்.

தீவில் ஒரு மழைக்காலம்

பிறகு அவர் வாழ்வில் வந்தவர் ஜார்ஜ் சாண்ட். ஆண் பெயரில் நாவல்கள் எழுதிய பெண் எழுத்தாளர். கணவனைப் பிரிந்தவர். இரண்டு குழந்தைகளின் தாய். ஷோப்பானைவிட 6 வயது மூத்தவர். ஆண்களைப்போல் உடை உடுத்துவார். சுருட்டுப் பிடிப்பார். முதலில் ஷோப்பானுக்கு அவரைப் பிடிக்கவில்லை. பிறகு அவர் இல்லாமல் இருக்க முடியவில்லை.

1838-ம் ஆண்டு குளிர்காலத்தில் இருவரும் குழந்தைகளுடன் ஸ்பெயின் நாட்டின் மயோர்க்கா தீவுக்குப் போனார்கள். வெயிலில் இருந்தால் நோய் தீரும் என்று நம்பினார்கள். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. ஷோப்பானுக்கு ரத்தம் கக்கும் இருமல். 3 டாக்டர்கள் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். காச நோய் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு அவ்வளவு பயம்.

மலை மேல் துறவிகள் விட்டுப்போன பழைய மடம் ஒன்றில் குடியேறினார்கள். கல் சுவர். ஈரம். பாரீசில் இருந்து வர வேண்டிய பியானோ சுங்கச் சாவடியில் மாட்டிக்கொண்டது. நல்ல பியானோ வருவதற்குள் ஊர் திரும்பும் நேரம் நெருங்கிவிட்டது. அதுவரை ஒரு மட்டமான பியானோவில்தான் வேலை.

அந்த நிலையிலும் 24 சிறு இசைகள் கொண்ட தொகுப்பை முடித்தார். அவற்றில் ஒன்றில் ஒரே சுரம் விடாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். மழைத்துளி என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் ஓட்டுக் கூரையில் விழும் தூறல் போல இதமாக இருக்கும். நடுவில் அதே துளி சாவு மணி போல் கனத்துவிடும். பிறகு மீண்டும் தூறல். சுரம் அதேதான். கேட்கிற மனசு மாறிவிடுகிறது. ஜூலை மாதத்து ராத்திரியில், கட்டிலில் தூக்கம் இல்லாமல் படுத்துக்கொண்டு தகரக் கூரையில் மழை கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை.

பன்றிகள் ஏற்றிய கப்பலில் தீவை விட்டுத் திரும்பினார்கள். அடுத்த சில ஆண்டுகள் கோடை காலத்தை சாண்டின் கிராமத்து வீட்டில் கழித்தார். அவருடைய சிறந்த இசைகள் பல அங்கே பிறந்தவை. 1844-ம் ஆண்டு தகப்பனார் இறந்த செய்தி வந்தது. போக முடியவில்லை. அந்தக் கோடையில் அக்காள் லுட்விகா வந்து தம்பியைப் பார்த்துவிட்டுப் போனாள்.

1847-ம் ஆண்டு குடும்பச் சண்டையில் சாண்டும் ஷோப்பானும் பிரிந்தார்கள். அதற்குப் பிறகு அவர் எழுதியது மிகக் கொஞ்சம்.

அகதிகளுக்காக

1848-ம் ஆண்டு பாரீசில் புரட்சி வெடித்தது. சீமான்கள் ஓடிவிட்டார்கள். டியூஷன் வருமானம் போய்விட்டது. ஸ்காட்லாந்துச் சீமாட்டி ஜேன் ஸ்டிர்லிங் என்ற மாணவி அழைத்ததால் இங்கிலாந்து போனார். விக்டோரியா ராணியார் முன்னிலையில் வாசித்தார். மாடிப்படி ஏறக்கூட பலம் இல்லை. வேலைக்காரன் தூக்கிக்கொண்டு போவான்.

நவம்பர் 16-ந் தேதி லண்டன் கில்டுஹாலில், போலந்து அகதிகளுக்கு நிதி திரட்ட ஒரு விழா நடந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. டாக்டர் வேண்டாம் என்று சொல்லும் நிலை. ஷோப்பான் போய் வாசித்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் நடனம் ஆட வந்தவர்கள். அவருடைய வாசிப்பை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அதுதான் அவர் மேடையில் வாசித்த கடைசி நாள். 18 ஆண்டுகளுக்கு முன் துப்பாக்கி தூக்க முடியாமல் நின்றவர், கடைசியாகக் கட்டையைத் தொட்டது தன் ஊர்க்காரர்களின் கஞ்சிக்காக.

அக்காள் வந்தாள்

பாரீசுக்குத் திரும்பியதும் படுக்கையில் விழுந்தார். அக்காளுக்குக் கடிதம் எழுதி வரச்சொன்னார். ருஷிய அரசிடம் அனுமதி வாங்கிக்கொண்டு 1849-ம் ஆண்டு ஆகஸ்டில் லுட்விகா வந்து சேர்ந்தாள். இரவு பகலாகப் பக்கத்தில் இருந்தாள்.

தான் செத்த பிறகு இதயத்தை எடுத்து ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஷோப்பான் கேட்டுக்கொண்டார். அச்சாகாத இசைத் தாள்களை எரித்துவிடும்படியும் சொன்னார்.

அக்டோபர் 17-ந் தேதி விடிவதற்கு முன் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 39.

அக்டோபர் 30-ந் தேதி பாரீசின் மதலேன் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. பெருங்கூட்டம் கூடியது. மோசார்ட்டின் சாவுப் பூசை இசையைப் பாடினார்கள். உடல் பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அங்கே ஷோப்பானுடைய சாவு ஊர்வல இசையை அவருக்கே வாசித்தார்கள்.

லுட்விகா தம்பியின் இதயத்தை மதுச்சாரம் நிரப்பிய ஜாடியில் வைத்து, ருஷியக் காவலர்களின் கண்ணில் படாமல் வார்சாவுக்குக் கொண்டுபோனாள். இப்போது அது திருச்சிலுவைத் தேவாலயத்தின் தூண் ஒன்றுக்குள் இருக்கிறது.

எரிக்கச் சொன்னதை எரிக்கவில்லை

குடும்பத்தார் இசைத் தாள்களை எரிக்க மனம் வராமல் வைத்துக்கொண்டார்கள். பல இசைகள் பிறகு அச்சில் வந்தன. அவற்றில் ஒன்று, 1830-ம் ஆண்டு அக்காள் லுட்விகாவுக்காக எழுதிய இரவு இசை. 1875-ம் ஆண்டுதான் அச்சானது. 4 நிமிடம் வாசிக்கக் கூடியது. அதற்கு ஒரு தனிக் கதை உண்டு.

1939-ம் ஆண்டு ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. செப்டம்பர் 23-ந் தேதி, குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, வார்சா வானொலியில் ஸ்பில்மன் என்ற யூத இளைஞர் ஷோப்பானை வாசித்தார். அத்துடன் வானொலி நின்றது. ஷோப்பானின் இசையை வாசிக்கக்கூடாது என்று நாஜிகள் தடை போட்டார்கள். ஒரு பியானோ இசைக்கு ஏன் பயப்பட வேண்டும்? அதைக் கேட்டால் போலந்துக்காரனுக்குத் தன் நாடு நினைவுக்கு வந்துவிடும். அதுதான் காரணம்.

ஸ்பில்மனின் தாய், தகப்பன், தம்பி, சகோதரிகள் அனைவரும் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டு மாண்டார்கள். அவர் மட்டும் இடிந்த நகரத்தில் பட்டினியோடு ஒளிந்து வாழ்ந்தார். 1944-ம் ஆண்டு நவம்பரில் ஹோசன்பெல்டு என்ற ஜெர்மன் அதிகாரியிடம் அகப்பட்டார். என்ன தொழில் என்று அதிகாரி கேட்டார். பியானோ வாசிப்பேன் என்றார். வாசி என்று உத்தரவு. அழுக்கேறி விறைத்த விரல்களால் ஸ்பில்மன் வாசித்தது, லுட்விகாவுக்காக எழுதப்பட்ட அந்த இரவு இசை. அதிகாரி அவரைச் சுடவில்லை. ஒளிய இடம் காட்டினார். ரொட்டியும் போர்வையும் கொடுத்துக் காப்பாற்றினார். 2002-ம் ஆண்டு வெளிவந்த பியானிஸ்ட் என்ற படம் இந்தக் கதையைச் சொல்கிறது.

போர் நேரத்தில் ஷோப்பானின் இதயமும் தேவாலயத்தில் இருந்து அகற்றப்பட்டது. போர் முடிந்த பிறகு, 1945-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி, அவருடைய நினைவு நாளில், மக்கள் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். ஸ்பில்மனும் அதே ஆண்டு வானொலிக்குத் திரும்பி, அன்று நிறுத்திய அதே இசையை மறுபடியும் வாசித்தார்.

நமக்கு என்ன?

இது எங்கேயோ உள்ள சீமை இசை, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டியது இல்லை. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசையைக் கற்றார். அந்தப் படிப்பு பிறகு நம் கிராமத்துப் பாட்டோடு கலந்து டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. நமக்குத் தெரியாமலேயே அதைக் கேட்டு நாம் அழுதிருக்கிறோம்.

இன்று டிக்கெட் வாங்க வேண்டாம். செல்போனில் ஷோப்பான் என்று தேடினால் போதும். முதலில் மழைத்துளியைக் கேட்கலாம். பிறகு அக்காளுக்காக எழுதிய அந்த இரவு இசை. அது 20-வது இரவு இசை என்ற எண்ணில் கிடைக்கும். சாவு ஊர்வலத்தைக் கேட்டால் நடுவில் வரும் தாலாட்டு வரை பொறுமையாகக் கேட்க வேண்டும். ராகம் தெரிய வேண்டாம். பாஷை தெரிய வேண்டாம். வார்த்தையே இல்லாத இசை அது.

நமக்கு லீவு கிடைத்தால், டிக்கெட் கிடைத்தால், கோவில் கொடைக்கு ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். ஷோப்பானுக்கு அந்த வழி இல்லை. அதனால் ஊரையே விரல் நுனிக்கு வரவழைத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரே அடியைத் தப்புத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தால் சத்தம் போட வேண்டாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்வோம். கட்டைகள் அதேதான். அதில் யார் எதைச் சொல்லப் போகிறார்கள் என்று நமக்குத் தெரியாது.